கிணற்றை அறிதல்: நிலத்தடி நீரின் ஆர்சனிக்கும் செயற்கை நுண்ணறிவும்

(இலங்கையின் வத்தேகமயில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டுக் குடி என்று சொல்லித்தான் நம் வீடுகளில் பிள்ளைகளை வளர்க்கிறோம். லயத்துப் பீலித் தண்ணீரோ, நீர் வழங்கல் சபையின் குழாய்த் தண்ணீரோ, எதுவானாலும் அது நல்ல அறிவுரை. வயிற்றோட்டமும் செங்கமாரியும் கிருமிகளால் வருபவை. கொதிக்கிற நீரில் கிருமி மடியும். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட நஞ்சு இதற்குக் கட்டுப்படாது. ஆர்சனிக் கலந்த நீரைக் கொதிக்க வைத்தால் நீர்தான் ஆவியாகிக் குறையும். ஆர்சனிக் பானையிலேயே தங்கி, முன்பைவிடச் செறிவாகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. குடித்தவருக்கு அன்றைக்கும் ஒன்றும் தெரியாது, அடுத்த வருடமும் தெரியாது. பல ஆண்டுகள் கழித்து உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தோல் தடித்துக் காய்த்துப் போகும், மார்பிலும் முதுகிலும் கரும்புள்ளிகள் விழும். அதற்கும் பிறகு தோல், நுரையீரல், சிறுநீர்ப்பை ஆகியவற்றில் புற்றுநோய் வரக்கூடும்.

நாக்கும் மூக்கும் கண்ணும் கைவிட்ட இடத்தில் எந்தக் கிணறு நல்லது, எது கெட்டது என்று எப்படி அறிவது? கெட்டது என்று அறிந்தபின் அந்த நீரைத் திருத்துவது எப்படி? இரண்டு கேள்விகளுக்கும் இப்போது கணினி துணைக்கு வருகிறது. அது எவ்வளவு தூரம் வரும், எந்த இடத்தில் நின்றுவிடும் என்பதுதான் என் பேச்சு.

இதை வத்தேகமயில் வந்து பேசுவதற்குக் காரணம் உண்டு. நாம் இருப்பது பாறை நாடு. ஆர்சனிக் கோடிக்கணக்கானோரை வாட்டும் இடங்களெல்லாம் பெரிய ஆறுகள் வண்டலைக் கொட்டிய சமவெளிகள். நக்கிள்ஸ் அடிவாரத்து ஊற்றுகளில் அந்தப் பயம் குறைவு. ஆனால் நமக்குப் பக்கத்தில் பொல்கொல்லையில் 1976இல் அணை கட்டி, மகாவலியின் ஒரு பங்கைச் சுரங்கம் வழியே உக்குவளைக்குத் திருப்பி, வரண்ட வலயத்துக் குளங்களுக்கு அனுப்பினார்கள். அந்த நீர் போய்ச் சேரும் நாட்டில்தான் கிணற்று நீரைப் பற்றிய சந்தேகமும் துயரமும் முப்பது ஆண்டுகளாக நீடிக்கின்றன. அந்த நீரை ஆராயும் பல்கலைக்கழகம் பேராதனையில் இருக்கிறது, ஆர்சனிக்கைப் பிடிக்கும் மண்ணை ஆராய்ந்த நிறுவகம் ஹந்தானையில் இருக்கிறது. நம் பிள்ளைகள் அரை நாளில் போய்வரக்கூடிய தூரம்.

முதலில் வங்காளத்தின் கதை. இதைச் சற்று நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இது நல்ல நோக்கத்தில் தொடங்கிய கதை. கிழக்கு வங்காளத்தில், இன்றைய பங்களாதேசத்தில், மக்கள் குளத்து நீரைக் குடித்தார்கள். வாந்திபேதியும் வயிற்றோட்டமும் குழந்தைகளைக் கொண்டுபோயின. 1970களில் அரசும் யுனிசெப் போன்ற அமைப்புகளும் குழாய்க் கிணறு போடச் சொல்லி ஊக்குவித்தன. மெல்லிய குழாயை நிலத்தில் இறக்கி, மேலே கைப்பம்பி பொருத்தினால் போதும், தெளிந்த நீர் வரும். செலவு குறைவு என்பதால் பின்னர் மக்கள் தங்கள் கைக்காசிலேயே போட்டுக்கொண்டார்கள். குழந்தைச் சாவு குறைந்தது. அந்த நீரில் கிருமி இருக்கிறதா என்று பார்த்தார்களே தவிர, ஆர்சனிக் இருக்கிறதா என்று பார்க்கும் வழக்கம் அன்று இல்லை.

1983இல் கல்கத்தாவில் தோல் மருத்துவர் கே. சி. சாகா, கிராமங்களிலிருந்து வந்த நோயாளிகளின் உள்ளங்கைத் தடிப்பைப் பார்த்து இது ஆர்சனிக் என்று கண்டுகொண்டார். ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்ரவர்த்தி 1988 முதல் ஊர் ஊராகப் போய்க் கிணற்று நீரை அளந்தார். எல்லைக்கு அப்பால் பங்களாதேசத்தில் 1993இல்தான் சாப்பாய் நவாப்கஞ்சில் முதன்முதலாகக் கிணற்று நீரில் ஆர்சனிக் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கான அளவை லீற்றருக்கு 50 மைக்ரோகிராமிலிருந்து 10 ஆகக் குறைத்தது. நம் நாட்டுத் தரமும் அந்த 10தான். பங்களாதேசம் இன்றும் 50இல் நிற்கிறது. 2000ஆம் ஆண்டில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் அலன் ஸ்மித்தும் உடனாய்வாளர்களும், ஒரு மக்கள்கூட்டம் இந்த அளவுக்கு நஞ்சூட்டப்பட்டது வரலாற்றில் வேறெங்கும் இல்லை என்று எழுதினார்கள்.

அதன்பிறகு நடந்த ஒரு வேலையை நான் மிகவும் மதிக்கிறேன். பங்களாதேசத்தில் ஏறக்குறைய 50 இலட்சம் கிணறுகளைக் களக் கருவி கொண்டு சோதித்தார்கள். கெட்ட கிணற்றின் பம்பி வாய்க்குச் சிவப்பு, நல்லதற்குப் பச்சை. எழுத்தறியாத பெண்ணும் குடத்தை எந்தப் பம்பிக்குக் கீழ் வைக்க வேண்டும் என்று பார்த்தவுடன் தெரிந்துகொள்ளலாம். சோதித்தவற்றில் பத்தில் மூன்று சிவப்பு. பின்னர் வர்ணம் மங்கியது, புதிய கிணறுகள் இலட்சக்கணக்கில் வந்தன. அவற்றைத் தேடிப்போய்ச் சோதிக்க அதே அளவில் ஆளும் பணமும் இல்லாமல் போயின. கணினிக்கு இங்கே இடம் கிடைப்பதற்கு அந்த இடைவெளிதான் காரணம்.

நஞ்சு எங்கிருந்து வருகிறது? யாரும் கொட்டியதல்ல. இமயத்துப் பாறை தேய்ந்து வண்டலாக வரும்போது மணற்துகள்மேல் இரும்பு ஒட்சைட்டு ஒரு மெல்லிய போர்வையாகப் படிகிறது. ஆர்சனிக் அந்தப் போர்வையில் ஒட்டிக்கொண்டு கீழே வருகிறது. வண்டலோடு இலைதழைகளும் புதைகின்றன. அவை மட்கும்போது ஒட்சிசன் தீர்ந்துபோகிறது. ஒட்சிசன் இல்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் இரும்பு ஒட்சைட்டைச் சுவாசத்துக்குப் பயன்படுத்துகின்றன. இரும்பு கரைகிறது, அதைப் பற்றியிருந்த ஆர்சனிக்கும் நீரில் இறங்குகிறது. இதை நினைவில் வையுங்கள். எந்த இரும்பிலிருந்து அது கழன்றதோ அதே இரும்பைக் கொண்டுதான் நாம் அதைத் திரும்பப் பிடிக்கப் போகிறோம்.

இலங்கையில் இப்படிப்பட்ட வண்டல் சமவெளி இல்லையாயினும், மன்னார்த் தீவின் மணற்பாங்கான ஆழமற்ற நீர்ப்படுகையில் 10 மைக்ரோகிராமைத் தாண்டிய கிணறுகளை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். மணலும், மட்கிய சேதனப் பொருளும், ஒட்சிசன் குறைந்த நீரும் சேரும் இடம் அது.

இனி கணினி வரையும் வரைபடம். சுவிட்சர்லாந்தின் இயாவாக் என்னும் நீர் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஜோயல் பொட்கோர்ஸ்கியும் மைக்கேல் பேர்க்கும் 2020இல் சயன்ஸ் இதழில் உலக வரைபடமொன்றை வெளியிட்டார்கள். 50,000க்கும் மேற்பட்ட அளவீட்டுப் புள்ளிகள் அதற்கு அடிப்படை. 9 கோடி 40 இலட்சம் முதல் 22 கோடிவரையான மக்கள் ஆர்சனிக் மிகுந்த நிலத்தடி நீரை உட்கொள்ளும் ஆபத்தில் இருக்கலாம், அவர்களில் 94 வீதத்தினர் ஆசியாவில் என்பது அவர்களுடைய கணிப்பு.

அவர்கள் கையாண்ட முறைக்கு ரேண்டம் பொரஸ்ட் என்று பெயர். மாணவர்களுக்காக அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ஒரு பெரிய அட்டவணையை எண்ணிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரியும் அளக்கப்பட்ட ஓரிடம். நிரல்களில் அந்த இடத்தின் மழை, ஆவியாதல், மண்ணில் களியின் பங்கு, மண்ணின் பீ.எச். அளவு, நிலம் நீர் தேங்கும் வாகா, வடியும் வாகா என்பன. கடைசி நிரலில் ஆர்சனிக் 10ஐத் தாண்டியதா இல்லையா. கணினி இந்த அட்டவணையில் சில வரிகளைக் குருட்டாம்போக்கில் பொறுக்கிக்கொண்டு கேள்வி கேட்கத் தொடங்குகிறது. களி இவ்வளவுக்கு மேலா, கீழா? மேலென்றால் மழை எவ்வளவு? ஒவ்வொரு விடையிலும் கிளை பிரிந்து கடைசியில் ஆம், இல்லை என்ற முடிவில் நிற்கும். அது ஒரு மரம். வேறு வரிகளைப் பொறுக்கி வேறொரு மரம். இப்படி ஆயிரக்கணக்கான மரங்கள். இதுவரை யாரும் அளக்காத ஓரிடத்தின் மழையையும் மண்ணையும் கொடுத்தால் எல்லா மரங்களும் தத்தம் முடிவைச் சொல்கின்றன. நூற்றுக்கு எண்பது மரங்கள் ஆம் என்றால் அந்த இடத்தில் ஆபத்துக்கான வாய்ப்பு 80 வீதம் என்று வரைபடத்தில் நிறம் தீட்டப்படுகிறது. மந்திரம் ஒன்றுமில்லை. அளந்தவர் உழைப்பை அளக்காத இடத்துக்கு நீட்டும் கணக்கு.

இதற்கு முன்னரே 2008இல் இயாவாக் குழுவினர், எளிமையான புள்ளியியல் முறையொன்றால் தென்கிழக்காசியாவுக்கு வரைபடம் போட்டார்கள். ஆர்சனிக் பற்றி எந்த அளவீடும் இல்லாதிருந்த சுமாத்திராவின் ஒரு பகுதியை அது ஆபத்தான இடமாகக் காட்டியது. அவர்கள் வரைபடத்தை அச்சிட்டுவிட்டு வீட்டில் இருக்கவில்லை. போத்தல்களோடு சுமாத்திராவுக்குப் போய்க் கிணறுகளில் நீரெடுத்துப் பார்த்தார்கள். ஆர்சனிக் இருந்தது. என் கண்ணுக்கு இந்தத் துறையின் மிகச் சிறந்த செயல் அதுவே. கணிப்பு வழிகாட்டியது, அளவீடு அதைச் சரிபார்த்தது.

ஆனால் அந்த வரைபடங்களை வைத்து, எங்கள் வீட்டுக் கிணறு நல்லதா என்று கேட்க முடியாது. உலக வரைபடத்தின் ஒரு கட்டம் ஒரு சதுர கிலோமீற்றர். வங்காளத்தில் ஒரே முற்றத்தின் இரண்டு கிணறுகளில் ஒன்று நல்லதாகவும் மற்றது ஐந்து மடங்கு கெட்டதாகவும் இருக்கும். குழாய் எந்த ஆழத்தில் எந்த மணலைத் தொடுகிறது என்பதைப் பொறுத்தது அது. அங்கே 150 மீற்றருக்குக் கீழே போனால் பெரும்பாலும் நீர் நல்லது. பத்துப் பதினைந்து மீற்றர் வித்தியாசத்தில் விதி மாறும். மாவட்டச் சராசரியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்துக்குத் தைரியம் சொல்வது பாவம்.

அந்தச் சிக்கலுக்குள் இறங்கிய ஒரு முயற்சி என்னைக் கவர்ந்தது. குழாய்க் கிணற்றடியில் சீமெந்துத் தளம் இருக்கும். நாளும் நீர் விழுந்து அதில் கறை பிடிக்கும். சில தளங்கள் செங்கல் நிறமாகச் சிவந்திருக்கும். சில கருத்திருக்கும். சிவப்பு, நீரில் கரைந்து வந்த இரும்பு காற்றில் துருவாகிப் படிந்தது. இரும்பு கரைந்து வந்தால் ஆர்சனிக்கும் உடன் வந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பதை இப்போதுதான் பார்த்தோம். கறுப்பு, மங்கனீசின் கறை. மங்கனீசு கரையும் நிலையில் உள்ள நீர் இரும்பைக் கரைக்கும் நிலைக்கு இன்னும் போகவில்லை, ஆகவே ஆர்சனிக் குறைவாக இருக்கக்கூடும். பிரித்தானியாவின் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்களாதேசத்தவரோடு சேர்ந்து இந்தக் கறையின் நிறம், கிணற்றின் ஆழம், இடம் மூன்றையும் கேட்டு ஆபத்தைக் கணிக்கும் ஐ-ஆர்செனிக் என்ற செயலியைச் செய்திருக்கிறார்கள். பின்னால் நிற்பது முன்னர் சோதிக்கப்பட்ட இலட்சக்கணக்கான கிணறுகளின் பதிவு. கிணற்றடியில் குடத்தை வைத்துவிட்டு நிற்கும் பெண் தன் கைத்தொலைபேசியில் பதில் பெறலாம். மங்கனீசும் அளவுக்கு மிஞ்சினால் நல்லதல்ல என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் அந்த ஊர்க்காரர் தினமும் மிதித்து நடக்கும் ஒரு கறையைச் சான்றாக எடுத்துக்கொண்ட அறிவியல் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

களக் கருவியும் நம் பாடசாலை ஆய்வுகூடத்துக்கு அந்நியமானதல்ல. சிறு போத்தலில் கிணற்று நீர், அதில் ஓர் அமிலத் தூள், பிறகு நாகத் தூள். குமிழிகள் கிளம்பும். ஆர்சனிக் இருந்தால் அது ஆர்சீன் வாயுவாக மேலே வந்து, மூடியில் செருகிய மேர்குரிக் புரோமைட்டுத் தாளில் மஞ்சளாகவோ கபிலமாகவோ படியும். நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு அளவைச் சொல்லலாம். அரை மணித்தியாலத்துக்குள் வேலை முடியும். வாயுவும் தாளும் நச்சு என்பதால் ஆசிரியர் பக்கத்தில் நிற்க வேண்டும், காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டும்.

இனி ஆர்சனிக்கை நீக்குவதற்கு வருவோம். இரசாயனவியல் கற்பித்தவன் என்ற முறையில் இந்தப் பகுதியில் எனக்கு ஈடுபாடு அதிகம், பொறுத்துக்கொள்ளுங்கள். நீரில் ஆர்சனிக் இரண்டு வேடத்தில் இருக்கிறது. ஐந்து வலுவளவுள்ளது ஆர்சனேற்று. அது மின்னேற்றம் கொண்டது, இரும்பு ஒட்சைட்டின் மேற்பரப்பு அதை இறுகப் பிடிக்கும். மூன்று வலுவளவுள்ளது ஆர்சனைற்று. சாதாரணக் கிணற்று நீரின் பீ.எச். அளவில் அதற்கு மின்னேற்றம் இல்லை, பல வடிகட்டிகளில் நழுவிப் போய்விடும். நிலத்தடியில் ஒட்சிசன் இல்லாத இடத்திலிருந்து வருவது பெரும்பாலும் இந்த நழுவும் வேடம்தான். ஆகவே முதலில் அதை ஒட்சியேற்றி மற்ற வேடத்துக்கு மாற்ற வேண்டும். அதன்பிறகும் போட்டி உண்டு. பொஸ்பேற்றின் அமைப்பு ஆர்சனேற்றைப் போன்றது, அதே இருக்கைக்கு அடித்துப்பிடித்து வரும். சிலிக்கேற்றும் வரும். பீ.எச். கூடினால் இரும்பின் பிடி தளரும். ஒரு கிணற்றில் ஆறு மாதம் ஓடிய வடிகட்டி பக்கத்து ஊரில் ஆறு வாரத்தில் கைவிடுவது இதனால்தான்.

இரும்பைப் பல விதமாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஜோர்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தின் அபுல் ஹுசாம் தம் பிறந்த மண்ணான பங்களாதேசத்துக்காக இரும்புத் துகளும் மணலும் கரியும் செங்கல் சல்லியும் கொண்ட வாளி வடிகட்டி செய்து, 2007இல் கிரேஞ்சர் பரிசாகப் பத்து இலட்சம் டொலர் பெற்றார். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் டி. பிரதீப்பின் குழு, இறால் ஓட்டிலிருந்து பெறப்படும் கைட்டோசன் என்ற இயற்கைப் பலபகுதியத்துக்குள் மிகச் சிறிய இரும்பு ஒட்சைட்டுத் துகள்களைச் சிறைவைத்து அம்ரித் என்ற பொருளைச் செய்தது. மேற்கு வங்கத்தில் தப்தபி என்ற ஊரின் உயர்நிலைப் பள்ளியில், கலிபோர்னியாவின் பேர்க்லியைச் சேர்ந்த அசோக் காட்கில் குழுவினர் இரும்புத் தகடுகளுக்கிடையே மெல்லிய மின்னோட்டம் செலுத்தி நீரிலேயே துருவை உண்டாக்கி, அந்தத் துருவில் ஆர்சனிக்கைப் பிடித்து வடிக்கும் நிலையத்தை நடத்தினார்கள்.

நம் கண்டியிலும் ஒன்று நடந்தது. ஹந்தானை வீதியிலுள்ள தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தில் மெத்திகா விதானகே, ரோஹான் வீரசூரிய, பேராதனையின் ரோஹண சந்திரஜித் ஆகியோர் புத்தளம் அருவக்காட்டுச் செம்மண்ணை எடுத்து, அது ஆர்சனிக்கை எப்படிப் பிடிக்கிறது என்று ஆராய்ந்து 2006இல் கட்டுரை வெளியிட்டார்கள். அந்த மணல்துகளின் மேல் இயற்கையே பூசிய இரும்புப் போர்வை இருக்கிறது. கொழும்புக் குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டும் இடமென்று இன்று பெயர் கெட்டுப்போயிருக்கும் அருவக்காட்டு மண்ணுக்கு இப்படியொரு குணம் உண்டென்பதை நம் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

நீக்கும் வேலையில் கணினி என்ன செய்யும்? மூன்று வேலைகள் சொல்லலாம். எந்த நீருக்கு எந்தப் பொருள் ஏற்றது என்று முன்கூட்டிக் காட்டலாம். பீ.எச்., பொஸ்பேற்று, சிலிக்கா, இரும்பு, ஆர்சனிக்கின் வேடம் ஆகியவற்றைக் கொடுத்தால், ஆயிரம் பரிசோதனைகளில் பயின்ற நரம்பு வலையமைப்பு என்னும் கணினி முறை ஒன்று பத்துப் பொருள்களை வரிசைப்படுத்தித் தரும். ஆய்வாளர் பத்தையும் பரிசோதிக்காமல் முதல் இரண்டை மட்டும் பரிசோதித்தால் போதும். அடுத்தது, தப்தபியில் உள்ளதைப் போன்ற நிலையங்களில் அன்றன்றைய நீருக்கு எவ்வளவு இரும்பு, எவ்வளவு மின்னோட்டம் என்று தீர்மானிப்பது. மூன்றாவதை நான் மற்ற இரண்டையும்விடப் பெரிதாக மதிக்கிறேன். வடிகட்டி எப்போது நிறைந்துபோகும் என்று சொல்வது.

ஏன் என்றால், ஆர்சனிக் வடிகட்டிகள் தோற்ற கதை பெரும்பாலும் கண்டுபிடிப்பில் தோற்ற கதையல்ல. மேற்கு வங்கத்தில் பொதுப் பணத்தில் பொருத்திய பல வடிகட்டிகள் பராமரிப்பின்றிக் கைவிடப்பட்டன. பொருள் நிறைந்த பிறகும் நீர் தெளிவாகத்தான் வரும். ஆர்சனிக் உடைத்துக்கொண்டு வெளியேறும் நாளில் நிறம் மாறாது, வாடை வராது. வடிகட்டி இருக்கிறது என்ற நம்பிக்கையில் மக்கள் முன்னிலும் தைரியமாக அந்த நீரைக் குடிப்பார்கள். எத்தனை லீற்றர் ஓடியது, அந்த நீரின் பொஸ்பேற்று எவ்வளவு, கடைசிச் சோதனையின் அளவு என்ன என்பவற்றைக் கொண்டு, இன்னும் இரண்டு வாரத்தில் மாற்றுங்கள் என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்ப முடிந்தால் அதற்கு ஈடில்லை.

ஆயினும் ஒரு குறையை மறைக்கக் கூடாது. இந்தத் துறையில் வரும் ஆய்வுகள் பலவற்றில் கணினிக்கும் பரிசோதனைக்கும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பொருத்தம் என்று எழுதியிருப்பார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் அது காய்ச்சி வடித்த நீரில் ஆர்சனிக் உப்பைக் கரைத்துச் செய்த பரிசோதனையாக இருக்கும். பொஸ்பேற்று இல்லை, சிலிக்கா இல்லை, சேற்றுக் கரிமம் இல்லை. அப்படிப் பயின்ற கணினியை ஓர் உண்மையான கிணற்றுக்கு முன் நிறுத்தினால் தடுமாறும். அந்தப் பொருத்தத்தைக் கண்டு நான் மகிழ மறுக்கிறேன். கலங்கிய, கலந்த, பருவத்துக்குப் பருவம் மாறும் கிணற்று நீரில் செய்த நூறு பரிசோதனைகள், தூய நீரில் செய்த ஆயிரத்தைவிடக் கணினிக்கு நல்ல ஆசான்.

இப்போது நம் நாட்டுத் துயரத்துக்கு வருகிறேன். மதவாச்சி, பதவியா போன்ற வரண்ட வலயத்து விவசாய ஊர்களில் 1990களில் காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் வெளிப்பட்டது. நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ இல்லாத, வயலில் உழைக்கும் நடுவயது மனிதர்கள் மெல்ல மெல்லச் சிறுநீரகத்தை இழந்தார்கள். 2011 வாக்கில் காரணம் ஆர்சனிக் என்ற பேச்சு எழுந்து நாடு முழுக்கப் பரவியது. 2013இல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு கட்மியம் உள்ளிட்ட பலவற்றைச் சுட்டியது. 2014இல் கிளைபொசேற் என்ற களைநாசினி, கடின நீர், ஆர்சனிக் போன்ற தனிமங்கள் மூன்றும் கூடித் தாக்கலாம் என்ற கருதுகோள் வந்தது. 2015இல் கிளைபொசேற் தடைசெய்யப்பட்டது. தேயிலைக்கும் இறப்பருக்கும் 2018இல் விலக்குக் கொடுத்தார்கள். அந்த இடைக்காலத்தில் தேயிலை மலைகளில் புல் மண்டியது, கையால் புல்வெட்டும் பாரம் தொழிலாளரின் தோளில் ஏறியது. வரண்ட வலயத்து ஒரு கிணற்றைப் பற்றிய சந்தேகம் நம் மடுல்கலைத் தேயிலைத் தொழிலாளியின் கைவரை வந்து சேர்ந்ததைப் பாருங்கள்.

அந்த ஊர்களின் கிணறுகளை அளந்த ஆய்வுகள் பலவற்றில் ஆர்சனிக் பெரும்பாலும் 10 மைக்ரோகிராமுக்குக் கீழேயே இருந்தது. கூடுதலாகக் கண்டவை புளோரைட்டும் கடினத்தன்மையும். காரணம் இதுதான் என்று இன்னும் முடிவாகவில்லை. கடும் வெயிலில் நீர் வற்றும் உடலும், அந்த நீரும், வேறு சிலவும் சேர்ந்திருக்கலாம் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். இந்த விடயத்தில் கணினியைப் பற்றி எனக்குள்ள அச்சம் இதுதான்: சந்தேகத்தை முதலில் வைத்துக்கொண்டு அதற்கேற்ற தரவை மட்டும் ஊட்டினால், அது அந்தச் சந்தேகத்தையே அழகான வரைபடமாக வரைந்து திருப்பித் தரும். ஆர்சனிக்கை மட்டும் அளந்தவர் ஆர்சனிக்கை மட்டும் காண்பார். ஒரு போத்தல் நீர் எடுக்கும்போதே புளோரைட்டு, கடினத்தன்மை, நைத்திரேற்று, இரும்பு, மங்கனீசு எல்லாவற்றையும் சேர்த்து அளக்க வேண்டும்.

அப்படி அளந்த முன்னோர் நம்மிடம் உண்டு. பேராதனையின் சி. பி. திசாநாயக்கவும் வீரசூரியவும் 1985இல் இலங்கையின் நீர்ப்புவி இரசாயன வரைபடத் தொகுதியை வெளியிட்டார்கள். நாடெங்கும் கிணறுகளில் நீரெடுத்து, எந்தத் தனிமம் எங்கே மிகுந்திருக்கிறது என்று தாளில் தீட்டிய நூல் அது. வரண்ட வலயத்தில் புளோரைட்டு மிகுந்த பட்டை அதில் தெரிந்தது. பற்களில் கபிலக் கறையோடு வளர்ந்த அனுராதபுரத்துப் பிள்ளைகளுக்கு அந்த வரைபடம் காரணம் சொன்னது. எந்தக் கணினிக்கும் அத்தகைய அட்டவணைதான் உணவு. அந்த வேலையை இன்றைய கருவிகளோடு, ஆழத்தையும் பருவத்தையும் குறித்து, மீண்டும் செய்து எல்லோருக்கும் திறந்துவைப்பது எந்தப் புதிய மென்பொருளையும்விட அவசரம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வடமத்திய மாகாணத்து ஊர்களில் இப்போது நூற்றுக்கணக்கில் எதிர்ச்சவ்வூடுபரவல் இயந்திரங்கள் ஓடுகின்றன. கடற்படையினர் பலவற்றைப் பொருத்திக் கொடுத்தார்கள், ஊர்ச் சங்கங்கள் நடத்துகின்றன. அவை ஆர்சனிக்கையும் புளோரைட்டையும் கடினத்தையும் சேர்த்தே பெருமளவில் எடுத்துவிடும். ஆனால் உள்ளே போன நீரில் ஒரு பங்கு எல்லா உப்பையும் சுமந்துகொண்டு கழிவாக வெளியே வருகிறது. அதை எங்கே விடுவது? பக்கத்துக் காணியில் விட்டால் அது மீண்டும் கிணற்றுக்குத்தான் போகும். இரும்பு வடிகட்டியின் நிறைந்த பொருளுக்கும் இதே கேள்வி உண்டு. பிடித்த ஆர்சனிக் மறைந்து போவதில்லை, ஒரு மூட்டையில் இருக்கிறது. அந்த மூட்டையை மழை படாத இடத்தில் வைக்க, சீமெந்தோடு சேர்த்து இறுக்க, யார் பொறுப்பு என்று பொருத்துவதற்கு முன்பே எழுதி வைக்க வேண்டும்.

கடைசியாக இங்கே அமர்ந்திருக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அளவீட்டுப் பட்டியல்களில் நகரத்துக் குழாய்நீர் இருக்கும், சபையின் பெருந்திட்டங்கள் இருக்கும். தோட்டத்துப் பீலியும், லயத்துக்கு மேலே ஊற்றில் கட்டிய தொட்டியும், பாததும்பறைக் கிராமங்களின் வளவுக் கிணறுகளும் அரிதாகவே இருக்கும். அளக்காத கிணற்றைக் கணினி தன் ஊகத்தால் நிரப்பிவிடும். அந்த ஊகத்தை யாரும் கேள்வி கேட்கவும் மாட்டார்கள். க.பொ.த. உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கும் பிள்ளைகள், ஆண்டுக்கு இரண்டு முறை, மழைக்கு முன்னும் பின்னும், தங்கள் வீட்டு நீரை எடுக்கட்டும். கொப்பியில் எழுத வேண்டியவை அதிகமில்லை: இடம், ஆழம் அல்லது ஊற்றின் உயரம், திகதி, கடைசியாக மழை பெய்த நாள், கிணற்றடிக் கறையின் நிறம், பீ.எச்., இரும்பு, கடினத்தன்மை. ஆர்சனிக்கும் புளோரைட்டும் அளக்கப் பேராதனைக்கு மாதிரிகளை அனுப்பலாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் ஒரு பிரதி இருக்கட்டும், ஏனென்றால் நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் அவர் கையில். இங்கே ஆர்சனிக் இல்லை என்றே பெரும்பாலான பக்கங்கள் சொல்லும். அதை எழுதுவதும் அளவீடுதான். இல்லை என்ற பதிவுகள் நிறைய இருந்தால்தான், மன்னாரின் ஒரு மணற்கிணற்றில் உண்டு என்று வரும்போது எந்த மண்ணில், எந்த ஆழத்தில் அடுத்த போத்தலை இறக்க வேண்டும் என்பதைக் கணினியால் பிரித்துச் சொல்ல முடியும்.